வேலி எங்களுதுன்னு ஒரு வார்த்தை

– அக்கா, அந்த ஆளுங்ககிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. வேலி எங்களுது, கைய வைக்காதீங்கன்னு நீங்க சொன்னா நிறுத்திடுவாங்க.

– எப்படிடீ சொல்றது? சர்வேயர் வந்து அளந்துட்டுப் போயாச்சு. எட்டு கல்லுக்காலும் உங்க மனைல நிக்குது. இனிமே உன் புருஷன்தான் போடணும், அவருதான் பராமரிக்கணும். எழுதிக் கையெழுத்தும் ஆயிடுச்சு.

– ஒன்பது வருஷமா உங்களுதுன்னு சண்டை போட்டீங்களேக்கா. எங்க வீட்டுக்காரர் கம்பியத் தொட்டாலே கத்திரிக்கோலும் கையுமா வந்து நிப்பீங்க.

– அது அப்போ. இங்க பாரு, மெஷின்ல பாதி தச்ச ஜாக்கெட் கெடக்கு. சாயங்காலம் வந்து கேப்பாங்க. சட்டுனு சொல்லு.

– தகரம் அடிச்சு மூடப் போறாங்கக்கா. ஆள் உயரத்துக்கு மேல.

– மூடட்டுமே. இந்தத் துருப்புடிச்ச கம்பில மாட்டி எத்தனை துணி கிழிஞ்சிருக்கு தெரியுமா?

– தண்ணித் தொட்டிகிட்ட கம்பி விலகி இருக்கில்ல, அந்த இடத்த மட்டும் விட்டுடச் சொல்லுங்க. ஒரு ஆள் குனிஞ்சு வர்ற அளவு போதும்.

– எதுக்கு?

– உங்களுக்குத் தெரியாதாக்கா?

– உன் வாயால சொல்லு.

– அவரு வாசக் கதவப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிட்டுத்தான் அடிக்க ஆரம்பிப்பாரு. பின்பக்கமா ஓடினா இந்தச் சந்து ஒண்ணுதான் இருக்கு. மூணு மாசம் முன்னாடிகூட உங்க துணி மூட்டைக்கு நடுவுல உக்காந்திருந்தேனே. வாயில வந்த ரத்தத்த நீங்கதானே தொடச்சு விட்டீங்க.

– தொடச்சேன். மறுநாள் காலைல அவன் என் வீட்டுக்கு வந்தத உன்கிட்ட சொன்னேனா?

– இல்லியே. வந்தாரா?

– வந்தான். மெஷின எட்டி உதைச்சான். என் வலது கையப் புடிச்சு முறுக்கினான். இன்னொரு தடவை அவ இங்க இருந்தா இந்தக் கை ஊசியத் தொடாதுன்னான். வேலில போற ஓணான எடுத்து மடில விட்டுக்காதேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனான்.

– அய்யோ அக்கா. என்னாலதானே.

– நூல் கோர்த்தா இன்னும் விரல் நடுங்குது. நான் ஒண்டிக்கட்டை. இந்தக் கை போச்சுன்னா எனக்கு யாரு சோறு போடுவா? நீயா?

– இனிமே உங்க வீட்டுக்குள்ள வரமாட்டேன். சத்தியமா வரமாட்டேன். உங்க தோட்டத்துல காலு வச்சு அப்படியே தெருவுக்கு ஓடிடறேன். வேலி உங்களுதா இருந்தா அத அடைக்க அவரால முடியாதுக்கா.

– அதான் இல்லைன்னு ஆயிடுச்சே.

– இன்னொரு தடவை அளக்கணும்னு மனு குடுங்க. எப்படியும் ரெண்டு மாசம் இழுக்கும். அதுக்குள்ள எங்க அண்ணன் வந்து என்னக் கூட்டிட்டுப் போயிடும்.

– அண்ணன் வருதுன்னு மூணு வருஷமா சொல்ற.

– இந்தத் தடவை வரும். தகரம் அடிச்சுட்டா அது வரவரைக்கும் நான் இருப்பேனான்னு தெரியலக்கா. என்ன உள்ளயே வச்சு அடைக்கத்தானே அவரு இவ்ளோ வேலை பாத்து சர்வேயரக் கூட்டிட்டு வந்திருக்காரு.

– உன் புருஷனுக்கு சர்வே ஆபீஸ் எந்தத் தெருவுல இருக்குன்னே தெரியாது.

– அப்போ யாரு கூட்டிட்டு வந்தது?

– கம்பிலேருந்து கைய எடும்மா, தகரத்தத் தூக்கிட்டு வர்றாங்க. அளக்கச் சொல்லி மனு குடுத்தது நான்தான்.