ஆறு குழிக்கான கூலி

கராஜ் முதலாளி ஆர்னோல்ட் எனக்குத் தரவேண்டியிருந்தது நாலாயிரத்து இருநூறு ரூபாய். குழிக்கு எழுநூறு, ஆறு குழி. காசுத் தகராறா என்று நேற்று பொலிஸ் நிலையத்தில் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். இல்லை சேர். ஆர்னோல்ட் காசு விஷயத்தில் நேர்மையான ஆள். பிந்தும், ஆனால் வரும்.

நான் சொல்லச் சொல்ல உங்கள் ஆள் எழுதுவார், கடைசியில் பெருவிரலை வைத்தால் போதும் என்றீர்கள். தாளை இங்கே தாருங்கள், நானே எழுதுகிறேன் என்றேன். எழுத்துப் பழகி ஒன்றரை வருடம்தான். மெதுவாக வரும்.

குழி என்றால் என்னவென்று முதலில் சொல்லவேண்டும். மற்ற எஞ்சின்களில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். கொலினின் போட்டில் பூட்டியது ரோட்டரி எஞ்சின். ஜப்பானிலிருந்து பழைய காரோடு வந்தது. அதில் பிஸ்டன் கிடையாது. சோத்துத் தட்டு அளவில், மூன்று பக்கமும் புடைத்த முக்கோண இரும்பு இரண்டு உள்ளே சுற்றும். அதுதான் ரோட்டர். ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், முகத்துக்கு ஒரு குழி. அந்தக் குழிக்குள்தான் காற்றும் பெற்றோலும் நெரிபட்டுத் தீப்பிடிக்கும். குழி சின்னதென்றால் நெரிசல் கூட. அந்த நெரிசலைத்தான் கொம்பிரஷன் என்பது. டேர்போ பூட்டி மேலதிகமாகக் காற்றை ஊதினால் எஞ்சின் அதைத் தாங்காது, மூலையில் இருக்கும் சீல் உடையும். ஆகவே குழியை அரைத்துக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். ஆறும் ஒரே அளவாக வரவேண்டும். இந்தப் பக்கத்தில் அந்த வேலையை என் கை மட்டும்தான் செய்தது.

நெரிசலை அளக்க மீற்றர் எனக்குத் தேவைப்பட்டதில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் பெருவிரலை வைப்பேன். ஆர்னோல்ட் எஞ்சினைச் சுற்றவிடுவார். புஸ், புஸ், புஸ். மூன்று முகமும் ஒவ்வொன்றாக வந்து விரலைத் தள்ளும். எது சோர்ந்திருக்கிறது என்று விரலுக்குத் தெரியும்.

வேலை முடிந்ததும் ரோட்டரின் பக்கவாட்டில் பெயர் அடிப்பேன். அதற்கென்று உருக்கு அச்சுகள் இருந்தன. அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. பதினொரு வருடத்துக்கு முன் ஆர்னோல்ட் ஐந்து அச்சைப் பொறுக்கி வரிசையாக வைத்தார்.

"இந்தா நல்லா, உன்ட பேர். சுருக்கி வைச்சிரிக்கன். வேலை செஞ்சவன்ட பேர் இரிக்கோணும் மனே, கொழும்புக்காரனுக்கு அதுதான் கெறண்டி."

எனக்கு எழுத்துத் தெரியாது, வடிவம் தெரியும். முதலில் அரை வளையம். பிறகு முழு வளையம். பிறகு காலை நீட்டிக்கொண்டு இருக்கிற ஆள். பிறகு ஒற்றைக் கோல். கடைசியில் இரண்டு கோல், நடுவில் சாய்ந்த கோல். கண்ணை மூடிக்கொண்டும் அடிப்பேன். கொழும்பில் கார் ஓட்டப் போட்டிக்காரர்கள் எங்கள் ரோட்டரைத்தான் கேட்டு எடுப்பார்கள். என் மனைவி சின்னத்தங்கம் வீட்டுத் தண்ணி வாளியிலும் அந்தப் பெயரை அடித்துத் தரச்சொல்லி வாங்கினாள். இரண்டு வருடத்துக்கு முன், சாகிறதுக்கு முதல் வாரமும், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "என்ட மனிசன்ட பேர் கொழும்பு மட்டும் ஓடுது கா."

அவள் போனபிறகு பின்நேரங்களில் வீட்டில் இருக்க ஏலவில்லை. ஆரையம்பதியில் பெரியவர்களுக்கு நடந்த எழுத்து வகுப்புக்குப் போனேன். ஆர்த்திகா என்ற பிள்ளை படிப்பித்தது. தமிழ் எழுத்துக் கூடிவந்ததும், வங்கிப் படிவம் நிரப்ப உதவும் என்று ஆங்கிலத்தில் பெயர் எழுதப் பழக்கியது. எனக்கு அது முன்பே தெரியும் என்று எழும்பிப் போனேன். கரும்பலகையில் ஐந்தையும் எழுதினேன். அச்சில் அடித்ததுபோலவே வந்தது.

"வடிவா எழுதிரிக்கிங்க ஐயா. கொலின் ஆரு, உங்கட பேரப்பிள்ளையா?"

"அது என்ட பேர் புள்ள."

"இல்ல ஐயா. இது கொலின்."

பின்வாங்கில் மீன்காரி இலட்சுமிப்பிள்ளை இருந்தாள். "அப்ப இவ்வளவு நாளும் வேதக்காரப் பேரில ஒளிச்சித்தான் இரிந்திரிக்கார். நம்மளுக்கு மட்டும் வெறும் நல்லரத்தினம்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் விளங்கப்படுத்த வேண்டிவரும்.

கொலின் ஆர்னோல்டின் ஒரே மகன். வயது இருபத்தேழு. நூற்றுச்சொச்சம் ரோட்டரில் அவனுடைய பெயரை நானே என் கையால் அடித்திருக்கிறேன். கொழும்பிலிருந்து வரும் அழைப்பெல்லாம் ஏன் அவனுக்கு வருகிறது என்று அன்றைக்கு விளங்கியது. வீட்டுக்குப் போய் வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.

நான் அவசரக்காரன் இல்லை. எவருக்கும் ஒரு சந்தர்ப்பம் கொடுக்கவேண்டும். அடுத்த நாள் கராஜில் ஒரு ரோட்டரைத் தூக்கிக்கொண்டு கொலினிடம் போனேன்.

"தம்பி, இதில என்ன எழுதிரிக்கி?"

அவன் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "உங்கட பேர்தானே நல்லா அங்கிள். மறந்திட்டிங்களா?"

"இல்ல மனே. சும்மா கேட்டன்."

உண்மையைச் சொல்லியிருந்தால் நான் பேசாமல் வேலைக்குத் திரும்பியிருப்பேன். ஆர்னோல்ட் சொன்னது எழுத்துத் தெரியாதவனுக்குச் சொன்ன பொய். கொலின் சொன்னது தெரிந்தவனுக்குச் சொன்ன பொய். இரண்டும் ஒன்றில்லை.

போன கார்த்திகையில் கொலின் ஃபைபர் போட் ஒன்று வாங்கி, அதற்கு ரோட்டரி எஞ்சினும் டேர்போவும் பூட்ட ஆசைப்பட்டான். வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு வாவியிலிருந்து முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போய்வருவது அவன் திட்டம். ஆர்னோல்ட் குழிக்கு அளவு சொன்னார். அந்த அளவைப்போல இருமடங்கு ஆழம் நான் வெட்டினேன். ஆறையும் ஒரே அளவாகத்தான் வெட்டினேன். வேலையில் குறை சொல்ல முடியாது.

கொம்பிரஷன் விழுந்த ரோட்டரி எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பிடிக்கும். வேகமாகப் போகும்போது டேர்போ ஊதுவதால் குறை தெரியாது. சூடேறியபிறகு வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும். நின்றால், ஆறும்வரை திரும்பப் பிடிக்காது.

பூட்டி முடித்ததும் வழமைபோல் விரலை வைத்தேன். புஸ் என்று வரவேண்டியது பூனை மூச்சுப்போல வந்தது.

"விரல் என்ன சொல்லுது நல்லா?" என்று ஆர்னோல்ட் கேட்டார்.

"நல்லாரிக்கி முதலாளி."

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவர்கள் சொன்னது நூற்றுச்சொச்சம்.

வாவியில் மூன்று நாள் ஓடிப் பார்த்தான். வாவியில் அவன் எங்கே வேகத்தைக் குறைத்தான்? கரை கிட்டியதும் ஒரேயடியாக எஞ்சினை அணைத்துவிட்டு மிதந்து வருவான். "பறக்குது அங்கிள்" என்று வந்து கட்டிப்பிடித்தான். மாரி வெள்ளம் வடிய முகத்துவார மணலை வெட்டித் திறந்திருந்தார்கள். வாவித் தண்ணீர் வெளியே இழுக்கும், கடல் அலை உள்ளே அடிக்கும். அதைத் தாண்டுகிற எவரும் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து நின்று, அலை எண்ணி, இடைவெளி பார்த்துத்தான் போவார்கள். கொலினுக்கும் அதைச் சொல்லித்தான் அனுப்பினேன். "அலைய எண்ணிப்போட்டுப் போ மனே. அவசரப்படாத." பக்கத்தில் நின்றவர்களும் கேட்டார்கள். அது நல்ல புத்திதான்.

மார்கழி, காலை எட்டரை மணி. கொலின் தனியாகப் போனான். நான் கரையில் நின்றேன். சொன்னபடியே வேகத்தைக் குறைத்தான். எஞ்சின் சத்தம் இறங்கி இறங்கி நின்றது. ஸ்டார்ட்டர் மூன்று தரம் இழுத்த சத்தம் கேட்டது. போட் குறுக்கே திரும்பியது. பிறகு அலை. அவன் நல்ல நீச்சல்காரன். எட்டு வயதில் வாவியில் பழக்கியது நான்தான். ஆனால் மாரி முகத்துவாரத்தில் நீச்சல் உதவாது.

இரண்டாம் நாள் உடல் கரையேறியது. அடக்கம் முடிந்து ஒரு கிழமையில், போட்டை மீன்பிடிகாரர் இழுத்துத் தந்தார்கள். எஞ்சின் ஏன் நின்றது என்று அறியவேண்டும் என்று ஆர்னோல்ட் தானே கழற்றினார். நானும் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். அந்த இரண்டு ரோட்டரிலும் நான் அச்சு அடிக்கவில்லை. கூர் ஊசியால் தமிழில் என் முழுப்பெயரையும் கீறியிருந்தேன், கடைசி எழுத்தின் புள்ளி வரைக்கும். அவர் உப்பைத் துடைத்து அதை வாசித்தார். பிறகு குழிக்குள் விரலை விட்டு ஆழம் பார்த்தார். இரண்டாவது ரோட்டரையும் அப்படியே பார்த்தார்.

"எப்ப நீ எழுத்துப் படிச்ச, நல்லா?"

அது ஒன்றைத்தான் கேட்டார். அதற்குப் பிறகு உங்களை அழைத்தார்.

கொலினைக் கொல்ல நான் நினைக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் நின்றால் திரும்பிவந்து "ஏன் நின்றது அங்கிள்" என்று கேட்பான். அப்போது நான் பெயரைப் பற்றிக் கேட்பேன். அவ்வளவுதான் எண்ணம். எஞ்சின் நிற்பதால் மட்டும் ஒருவரும் சாவதில்லை. நங்கூரத்தைப் போட்டிருந்தால் போட் நின்றிருக்கும், ஆள் தப்பியிருப்பான் என்று மீன்பிடிகாரர் சொன்னதாக நேற்றுச் சொன்னீர்கள். உண்மை.

நங்கூரமும் கயிறும் என் வீட்டுக் குசினியில், அடுப்பருகே கவிழ்த்து வைத்த வாளிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. துடுப்பு கூரையில் செருகியிருக்கிறது. அன்று காலை அவன் வருவதற்கு முதல் நான்தான் இறக்கிக்கொண்டு போனேன். பாரம் குறைந்தால் போட் இன்னும் நன்றாகப் பறக்கும் என்பதற்காக.

ஆர்னோல்டிடம் சொல்லுங்கள், அந்த நாலாயிரத்து இருநூறைத் தரவேண்டாம். சொன்ன அளவுக்கு மாறி வெட்டிய குழிக்கு நான் ஒருநாளும் கூலி வாங்கியதில்லை.