பிலோமின்ராஜின் இரண்டாவது இசைத்தட்டு

நான் கொண்டுவந்த இசைத்தட்டை உங்கள் ஏட்டையா ஜன்னலோரம் சாய்த்து வைத்திருக்கிறார். அங்கே மத்தியான வெயில் விழும். வெயில் பட்டால் தட்டு வளைந்துவிடும், பிறகு முள் துள்ளும். அலமாரிப் பக்கம் வைக்கச் சொன்னீர்கள் என்றால் நிம்மதியாகப் பேசுவேன். நன்றி, சார்.

என் பெயர் சின்னையா. சொந்த ஊர் துறையூர்ப் பக்கம். ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் பல வருஷமாகக் குடியிருக்கிறேன். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நேற்று மாலை கொள்ளிடக் கரையில் வைத்து உங்களிடம் நான் சொன்னதில் சில திருத்தங்கள் இருக்கின்றன. உள்ளே பிலோமின்ராஜை அடைத்து வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் வந்தேன். ஆனால் இந்தத் தட்டைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

இதன் பெயர் ‘ஈரச் சுவர்’. எழுபத்து நாலில் இங்கே கல்லூரியில் படித்த நான்கு பையன்கள் சேர்ந்து செய்த ராக் இசை. பிலோமின்ராஜ்தான் கிட்டார், பாட்டு, எல்லாம். மற்ற மூவரும் தாளத்துக்கு ஆள். பெரியகடை வீதியில் ஷேக் தாவூது பாய் கடையில் ஒரு மூலையில் இது கிடந்தது. என்ன விலை என்று கேட்டேன்.

“அதா? அது கோளாறு தட்டு தம்பி. முள்ளு ஒரே இடத்துல நின்னுடுது. வாங்கிட்டுப் போனவங்க எல்லாம் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. சும்மா எடுத்துட்டுப் போங்க” என்றார் பாய்.

கோளாறு இல்லை, சார். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். கிட்டார் சத்தத்தைக் காலியான தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டு, தொட்டிக்கு வெளியே மைக் வைத்துப் பிடித்திருக்கிறார்கள். டிரம் கிடையாது, தார் பீப்பாய். இரண்டாவது பாட்டில் சொற்களே இல்லை. ஜெபம் சொல்லும் குரலை நாடாவில் பின்பக்கமாக ஓட்டியிருக்கிறார்கள். கேட்டால் யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் நின்று நம் பெயரைச் சொல்வது போல இருக்கும். முதல் பக்கம் முடியும் இடத்தில் பிலோமின்ராஜின் தாயார் அற்புதம்மாள் ஆர்மோனியம் வாசிக்கிறார். மாதா கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசித்தவர். அப்போது வயிற்றில் புற்று, முற்றிவிட்டது. வாசித்துக்கொண்டே வருகிறார், விரல் தடுக்குகிறது, நிறுத்திவிட்டு “போதும்டா” என்கிறார். அந்த இடத்தில் தட்டின் கோடு வட்டமாக மூடிக்கொள்கிறது. முள்ளை நாம் எடுக்கும்வரை அந்த அம்மாள் போதும்டா, போதும்டா என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

எனக்கு அதைவிட அழகான ஒன்று இந்த உலகத்தில் தெரியாது. பண்டிகை நாளில் ஸ்ரீரங்கம் முழுக்க ஒலிபெருக்கி அலறும். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பேன். வெளியே வரத் தோன்றாது.

ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு நாள் பிலோமின்ராஜ் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். பாலிசி எடுக்க வந்திருந்தார். பெயரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

“நீங்க… ‘ஈரச் சுவர்’ பிலோமின்ராஜா?”

அவர் சிரித்துவிட்டார். “அட, அதை ஞாபகம் வச்சிருக்கிற ஆளுகூட இருக்கீங்களா? காலேஜ்ல பண்ணின கூத்துங்க அது.”

கூத்து என்றார். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுவதாகவும் கே.கே. நகரில் வீடு என்றும் சொன்னார். உடம்பு போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாங்க என்று மரியாதைக்குச் சொன்னார். நான் போனேன். அடுத்த ஞாயிறும் போனேன். அதற்குப் பிறகு போகாத ஞாயிறு கிடையாது.

அவர் மனைவி லூர்துராணி ஆரம்பப் பள்ளி டீச்சர். நல்ல பெண். எனக்குக் கறியில் எலும்பில்லாத துண்டாகப் பார்த்து வைப்பாள். கிட்டார் பீரோவுக்கு மேலே துண்டு சுற்றிக் கிடந்தது. நான் புதுக் கம்பிகள் வாங்கிப் போனேன், நாடாப் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போனேன். வற்புறுத்தின பிறகு ஒரு நாள் எடுத்து வாசித்தார். ராணிக்காகப் போட்ட பாட்டு என்றார். தலையாட்டிக் கேட்கலாம், சமைத்துக்கொண்டே கேட்கலாம். அவ்வளவுதான். வாசித்து முடித்ததும் அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

‘ஈரச் சுவர்’ எப்படி வந்தது என்று கேட்டேன்.

“எங்கண்ணே வந்துச்சு? அம்மா போயிட்டிருந்தாங்க. ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. என்ன பண்றதுன்னு தெரியாம பண்ணினது. இப்ப நல்லாத் தூங்குறேன்” என்றார்.

சார், இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தக் காரணத்தை நானாகக் கற்பனை செய்யவில்லை. அவரே சொன்னார்.

அதற்குப் பிறகும் நான் பொறுமையாகத்தான் இருந்தேன். ஒரு ஞாயிறு போனபோது கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. ஏதோ மறதி என்று நினைத்துப் படியில் உட்கார்ந்தேன். உள்ளே மெதுவாகப் பேசினார்கள், பிறகு பேசவில்லை. மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டார்கள். வைகாசி வெயில். பொழுது சாய்கிற நேரத்தில் பிலோமின்ராஜ் பின்பக்கமாகச் சுற்றி வந்து பூட்டைத் திறந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் “வாங்கண்ணே” என்றார். வாசிக்காமல் இருந்தால் மனிதன் எவ்வளவு குழம்பிப் போகிறான் என்று எனக்கு அன்றைக்குப் பரிதாபமாக இருந்தது.

லூர்துராணி ஒரு முறை என்னிடம் நேராகவே பேசினாள். அவர் கடைக்குப் போயிருந்தார்.

“அண்ணே, நீங்க நல்லவங்கதான். தப்பா எடுத்துக்காதீங்க. ஞாயித்துக்கிழமை வந்தா இவரு விடியக்காலையிலேருந்து ஜன்னல்கிட்டயே நிக்கிறாரு. நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்குது.”

என்னை அவர் அவ்வளவு எதிர்பார்க்கிறார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. சந்தோஷமாக இருந்தது. அப்படியே சொன்னேன். அவள் விடவில்லை.

“அந்தத் தட்டை நானும் போட்டுக் கேட்டேன். எங்க அத்தை போதும்டா போதும்டான்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. என்னால கேக்க முடியல. ஓடிப்போய் முள்ளை எடுத்துட்டேன். நீங்க எப்படிண்ணே அதை உக்காந்து கேக்குறீங்க?”

அந்தத் தட்டைப் பற்றி என்னிடம் உருப்படியாகப் பேசிய ஒரே ஆள் அவள்தான். ஆனால் அவள் முள்ளை எடுத்துவிடுகிறவள். அந்த வீட்டில் அவள் இருக்கும்வரை எந்த வட்டமும் நிலைத்துச் சுற்றாது. இது அவள்மேல் குற்றம் இல்லை. சந்தோஷமாக வைத்திருப்பது சிலருடைய சுபாவம்.

அக்கம்பக்கத்தில் கேட்ட சண்டையைப் பற்றி உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அவள் வீட்டாரும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது புருஷன் பெண்டாட்டிச் சண்டை இல்லை, சார். என்னைப் பற்றியது. “அந்த ஆளு வரக்கூடாதுன்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?” என்று அவள் கத்தினாள். “எப்படிடி சொல்றது? பாவம், அவருக்கு யாரு இருக்கா?” என்று அவர் கத்தினார். நான் படியில்தான் நின்றுகொண்டிருந்தேன். முதல் திருத்தம் இது.

அடுத்த நாளே அவர் பட்டறைக்குப் போய், இனிமேல் வந்து தொந்தரவு செய்ய மாட்டேன் என்று சொன்னேன். அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே. கடைசியாக ஒரு ஞாயிறு மூவரும் கொள்ளிடத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வரலாம், சமாதானமாகப் பிரிவோம் என்றேன். லூர்துராணி சந்தோஷமாக எலுமிச்சம் சாதம் கட்டிக்கொண்டு வந்தாள்.

கொள்ளிடத்தில் இப்போது மணல்தான் அதிகம். ஓரமாக ஒரு வாய்க்கால் போலத் தண்ணீர் ஓடுகிறது. லாரிக்காரர்கள் மணல் எடுத்த பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து, மேலே பார்த்தால் மற்ற இடம் போலவே தெளிவாக, ஆழமில்லாதது போலத் தெரியும். நான் தினமும் அங்கே குளிக்கிறவன். எந்தப் பள்ளம் எங்கே என்று எனக்குத் தெரியும்.

சாப்பிட்டு முடித்ததும் எனக்கு விக்கல் எடுக்கிறது, ஒரு சோடா வாங்கி வாருங்கள் தம்பி என்று பிலோமின்ராஜைப் பாலத்தடிக் கடைக்கு அனுப்பினேன். விக்கல் எடுக்கவில்லை. இது இரண்டாவது.

அவள் கை கழுவப் போனாள். தண்ணீரைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது.

“இங்க இறங்கலாமாண்ணே? ஆழம் இருக்குமா?”

“முட்டியளவுதாம்மா. நான் தினம் குளிக்கிற இடம்.”

சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, “ஜில்லுன்னு இருக்குண்ணே” என்றாள். பிறகு அந்த இடத்தில் அவள் இல்லை. ஒரு முறை மேலே வந்தாள். “அண்ணே” என்றாள். எனக்கு நீந்தத் தெரியாது என்று நேற்றுச் சொன்னது சரியல்ல. நன்றாகத் தெரியும். நான் குளிக்கப் போயிருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்பதும் சரியல்ல. கரையில் இலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முழுக்கப் பார்த்தேன்.

பிலோமின்ராஜ் சோடா பாட்டிலோடு வந்தார். தண்ணீரில் சேலை மிதப்பதைப் பார்த்ததும் அப்படியே குதித்துவிட்டார். அவருக்குத்தான் நீந்தத் தெரியாது. இருந்தும் குதித்தார். எப்படியோ அவள் தலைமுடியைப் பிடித்துவிட்டார். லாரி ஓட்டும் பிச்சமுத்து பாலத்துக்கு மேலிருந்து பார்த்தது அதைத்தான். அவர் பொய் சொல்லவில்லை. மூழ்கப் போகிறவன் பிடித்து இழுப்பதும் ஒருவன் பிடித்து அமுக்குவதும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். பிச்சமுத்துதான் ஓடிவந்து இரண்டு பேரையும் கரைக்கு இழுத்துப் போட்டார்.

மணலில் அவளை மடியில் போட்டுக்கொண்டு பிலோமின்ராஜ் வாயைத் திறந்தார். சார், அந்தச் சத்தத்தை நான் எட்டு வருஷமாகக் காத்திருந்து கேட்டேன். தாழ ஆரம்பித்து, உடைந்து, உடைந்த இடத்திலிருந்து மறுபடி எழுந்தது. முதல் தட்டில்கூட அந்த அளவுக்கு இல்லை. பதிவுக் கருவியை அறையிலேயே வைத்துவிட்டு வந்தோமே என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு வருத்தம் தோன்றவில்லை.

நீங்கள் அவரை வேனில் ஏற்றுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது என் கணக்கில் இல்லை. விடிய விடிய யோசித்தேன். லாக்கப்புக்குள் கிட்டார் கொடுக்க மாட்டீர்கள். நாலு பக்கமும் சுவர், மேலே ஒரு கம்பி வைத்த துவாரம். அவர் அதற்குள் இருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் உள்ளேயே மக்கிப் போய்விடும். அதனால் எட்டு மணிக்கு உங்கள் வாசலில் வந்து நின்றேன்.

நான் அவரைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பள்ளத்தின் விளிம்பில் லாரிக்காரர்கள் மூங்கில் கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தார்கள், குளிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள. நேற்றுக் காலை குளிக்கப் போனபோது அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். துணியோடு என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. பிச்சமுத்துவைக் கேளுங்கள், நட்டது அவர்தான். லூர்துராணியைக் கொன்றது நான். பிலோமின்ராஜுக்கு இதில் எதுவும் தெரியாது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

என்னை என்ன செய்தாலும் ஆட்சேபணை இல்லை, சார். அவரை மட்டும் சீக்கிரம் விட்டுவிடுங்கள். ஆனி பிறந்ததும் மெட்ராஸில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் பெயரில் நாள் வாங்கி வைத்திருக்கிறேன். சித்திரையிலேயே சொல்லிவைத்தது, தள்ளிப் போட முடியாது. அதுவரை நான் இங்கே சொன்னதை அவரிடம் சொல்ல வேண்டாம். தெரிந்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும். ‘ஈரச் சுவர்’ முழுக்கக் கேட்டுப் பாருங்கள், ஓரிடத்தில்கூடக் கோபம் கிடையாது.