மை பூசாத விரல்

கனடாவில் தேர்தல் நாள் பின்னேரம், மல்வேர்னுக்குப் போகும் பஸ். எனக்கு முன்னிருக்கையில் இரண்டு தமிழர்கள். தடித்த ஜாக்கெட் போட்டிருந்த மூத்தவர், பக்கத்திலிருந்தவரிடம் திடீரென்று கேட்டார்:

"எங்கை, விரலைக் காட்டும் பாப்பம்."

மற்றவர் கையுறையைக் கழற்றிக் காட்டினார்.

"மையைக் காணேல்லை. அப்ப நீர் வோட்டுப் போடேல்லை."

"போட்டனான் அண்ணை. இஞ்சை மை பூசிறேல்லை."

"எனக்கும் பூசேல்லை, அதுதான் உம்மடை விரலையும் பாத்தனான். அப்ப நான் ரெண்டாந்தரம் வந்தா என்னெண்டு பிடிப்பியள் எண்டு வோட்டுச்சீட்டுத் தந்த வெள்ளைக்காரியைக் கேட்டன். 'நீங்கள் அப்பிடிச் செய்யமாட்டீங்கள்' எண்டு சொல்லிச் சிரிக்கிறா."

"நல்ல மனுசிதானே."

"எனக்கு அந்தச் சிரிப்பிலைதான் சந்தேகம். மை பூசின ஊரிலையே, நான் போகமுந்தி என்ரை வோட்டை ஆரோ கள்ளமாப் போட்டிட்டான்."

"இது கனடா அண்ணை."

மூத்தவர் எழுந்து மணிக்கயிற்றை இழுத்தார்.

"எங்கை இறங்கிறியள்? வீடு இன்னும் தூரமல்லோ?"

"வோட்டுப் போட்ட இடத்துக்குத் திரும்பிப் போறன். அதைப் பூட்டும்வரைக்கும் வாசலிலை நிண்டு பாக்கவேணும், என்ரை பேரைச் சொல்லிக்கொண்டு ஆர் வாறான் எண்டு."