நிக்கலஸின் விசைகள்

ஸ்ருதி, நீங்கள் கேட்டது இருநூறு சொல்தான். 'தியாகா' எழுத்துரு பிறந்த கதை, உங்கள் கம்பனியின் இணையப் பக்கத்தில் என் படத்தோடு போட. படத்தை அனுப்பிவிட்டேன், நீலச் சட்டையில் நன்றாகவே வந்திருக்கிறது. கதைதான் நீண்டுவிட்டது. மூன்று தரம் நினைவூட்டினீர்கள், மன்னிக்கவும்.

முதல் விஷயம், அந்த எழுத்துகளை வரைந்தது நானில்லை. வரைந்தவன் நிக்கலஸ்.

பதினேழு வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் அச்சகத்தில் அச்சுக்கோர்க்கப் போனவன் அவன். அங்கே இருந்த ஈய எழுத்துகள் மிகப் பழையவை. அவற்றை வார்த்த பட்டறை எப்போதோ மூடிப்போயிற்று. சண்டை எங்களைக் கொழும்புக்குத் துரத்தியபோது ஆளாளுக்கு நகையையும் காணி உறுதியையும் கட்டிக்கொண்டு ஓடினார்கள். இந்தப் பேயன் ஒவ்வொரு ஈய எழுத்தையும் மையில் தொட்டுப் பதித்த ஒரு கட்டுத் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தான். தொண்ணூற்றாறில் வெள்ளவத்தையில் நாங்கள் இருவரும் ஒரு தட்டச்சுக் கடை போட்டோம். கல்யாண அட்டை, நினைவு மலர், கோயில் நோட்டீஸ். வேலை இல்லாத நேரமெல்லாம் அவன் அந்தத் தாள்களைப் பார்த்துப் புள்ளி புள்ளியாகக் கணினியில் வரைந்தான். எட்டு மாதம் எடுத்தது. நான் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

யூனிகோட் அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. ஆங்கில எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் தமிழைக் குந்தவைப்பதுதான் வழக்கம்; எந்த விசையில் எந்த எழுத்து என்பது செய்கிறவன் இஷ்டம். நிக்கலஸ், அச்சகத்து ஈய எழுத்துப் பெட்டியில் எந்த அறைக்குப் பக்கத்தில் எந்த அறை இருந்ததோ அதே ஒழுங்கில் விசைகளை அமைத்தான். அப்போதுதான் கை தேடாது என்பான். அந்த ஒழுங்கு தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அவனும் நானும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் குப்பைதான் தெரியும்.

நான் அதை ஒரு குறுவட்டில் போட்டுக்கொண்டு 2001இல் ஆக்லாந்துக்கு வந்தேன். பத்து வருஷம் கழித்து அவனும் குடும்பத்தோடு இங்கே வந்து, மகள் றோஷினியோடு ஹில்ஸ்பரோவில் இருந்தான். ஒரு பேக்கரியில் வேலை. தட்டச்சுப் பக்கமே போகவில்லை. 2014இல் நான் எழுத்துகளை யூனிகோடுக்கு மாற்றி, என் பெயரில் உங்கள் கம்பனிக்கு அனுப்பினேன். அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் ஓம் என்றிருப்பான். ஆனால் அவன் பெயரைப் போட வேண்டிவந்திருக்கும். இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தியபோது அவன் மூன்றாவது வரிசையில் இருந்து கை தட்டினான். தன் பிள்ளையை அடையாளம் தெரியாத தகப்பன் இல்லை. ஆனாலும் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்கும் சொல்ல வாய் வரவில்லை.

இதுவரைக்கும் இது வெறும் களவு. களவோடு நின்றிருந்தால் நீங்கள் கேட்ட இருநூறு சொல்லைப் பொய்யாகவே எழுதித் தந்திருப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்குப் பாரிசவாதம் வந்தது. நாக்கும் வலப்பக்கமும் போயின. தலையாட்டலையும் நம்ப முடியவில்லை, ஓமுக்கும் இல்லைக்கும் ஒரே ஆட்டம். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு விசைப்பலகையை மடியில் வைத்துப் பார்த்தாள். இடக்கையின் ஒரு விரலால் அவன் விடாமல் தட்டினான். திரையில் வந்தது குப்பை. நான் போயிருந்த அன்று அவன் மனைவி ஸ்ரெல்லா அதை அச்செடுத்துக் குசினிக்குக் கொண்டுவந்தாள். பின்னால் றோஷினி நின்றாள்.

"தியாகண்ணை, நீங்கள்தானே உந்தக் கொம்பியூட்டர் தமிழ் தெரிஞ்ச ஆள். இது ஏதும் தமிழோ எண்டு பாருங்கோ."

பார்த்தேன். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் கண்ணுக்குத் தடங்கல் இல்லாமல் வாசிக்க முடிந்தது. *தியாகுவைக் கூப்பிடு. இது என்ரை எழுத்து. அவன் வாசிச்சுச் சொல்லுவான்.* ஒரு பிழைகூட இல்லை.

நான் சொன்னேன், "இல்லைத் தங்கச்சி. விரல் சும்மா தட்டுது."

அந்த 'என்ரை எழுத்து' என்ற இரண்டு சொல்லைத் தவிர வேறு எதுவும் அப்போது எனக்குத் தெரியவில்லை. விசை ஒழுங்கு என்னுடையது, அவன் என் கடையில் பழகினான் என்று சொல்லி வாசித்திருக்கலாம். அந்த யோசனை மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. இனி எடுத்து வைத்தால், முதல் நாள் ஏன் இல்லை என்றீர்கள் என்று றோஷினி கேட்பாள். கெட்டிக்காரி. ஒரு கிழமையில் அந்த ஒழுங்கை அவளே படித்துவிடுவாள்.

குசினியில் இருந்து அவனிடம் போனேன். "வாசிச்சன் மச்சான், சொல்லிப்போட்டன்" என்றேன். பாதி முகத்தால் சிரித்தான்.

அவனுக்கு மொழி எஞ்சவில்லை என்று ஆஸ்பத்திரி அறிக்கை வந்தது. ஸ்ரெல்லாவால் தனியாகத் தூக்கிப் பராமரிக்க முடியவில்லை. ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து வருவார்கள். அவர்கள் தேத்தண்ணீர் குடிக்கப் போகும் நேரம் நான் தனியாக இருப்பேன். விசைப்பலகையை என் மடிக்கணினியில் பொருத்தி நான்தான் எடுத்துக் கொடுப்பேன். விளையாட்டுச் சாமானைக் கொடுப்பது போல என்று அவர்கள் நினைத்தார்கள். அவன் தட்டுவான், நான் வாசிப்பேன். சூப் உப்பில்லை. பக்கத்துக் கட்டில்காரன் பாவம், அழுகிறான். *ஏன் எல்லாரும் எனக்கு விளங்காத மாதிரிக் கதைக்கினம்?* நீ சொன்னாயா என்று ஒவ்வொரு கிழமையும் கேட்பான். ஓம் என்பேன்.

போன ஜூனில் *இடது குதிக்கால் எரியுது, பாக்கச் சொல்லு* என்று தட்டினான். அவனுக்கு நீரிழிவு. அடுத்த ஞாயிறும் அதையே தட்டினான். அதற்கடுத்த ஞாயிறு போர்வைக்குள்ளிருந்து அழுகல் மணம் வந்தது. நான் தாதியிடம், காலைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எப்படித் தெரியும் என்று அவள் கேட்டிருக்கவே மாட்டாள் என்று இப்போது விளங்குகிறது. போர்வையை நானே விலக்கியிருக்கலாம். நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

நாலாவது ஞாயிறு அவன் காலைப் பற்றி எழுதவில்லை. *ஸ்ரெல்லாவுக்கு என்னிலை கோவமோ? ஒண்டுக்கும் மறுமொழி இல்லை* என்று மட்டும் தட்டினான்.

"இல்லை மச்சான், அவவுக்கு முழங்கால் நோ. அதுதான்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். எட்டாம் நாள் போய்விட்டான். மனைவி தன்னைக் கேட்டும் கேளாமல் விட்டாள் என்ற எண்ணத்தோடு போனான். அந்த எண்ணத்தை அவனுக்குக் கொடுத்தவன் நான். சவ அடக்கத்துக்கான செபப் புத்தகத்தை என்னிடம்தான் தந்தார்கள். தியாகாவில் கோர்த்துக் கொடுத்தேன், எல்லோரும் எழுத்து நல்ல வடிவு என்றார்கள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல வெட்கமாக இருந்தது. நிலம் பிளக்கவில்லை, நான் எல்லாரோடும் இருந்து சாப்பிட்டேன்.

ஸ்ரெல்லா இப்போதும் மீன் கட்லட் செய்தால் எனக்கு ஒரு பெட்டி கொடுத்துவிடுவாள். போன கிழமை சொன்னாள், "கடைசி வரைக்கும் அவரை மனிசனா நினைச்சுக் கதைச்சது நீங்கள் ஒராள்தான், அண்ணை." கட்லட்டை வாங்கிக்கொண்டு தகனினியில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பினேன். வழியில் காரை ஓரமாக நிறுத்தவேண்டி வந்தது.

அறுபத்தொரு ஞாயிற்றுக்கிழமைகள். அவன் தட்டியதையெல்லாம் நான் அழிக்கவில்லை. யூனிகோடுக்கு மாற்றி, திகதி போட்டு வைத்திருக்கிறேன். ஸ்ரெல்லாவிடம் கொடுக்கவில்லை. பாவம், வாசித்தால் தாங்கமாட்டாள். அந்தப் பாரத்தை அவள் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் உங்கள் பக்கத்தைத் திருத்த வேண்டும், ஸ்ருதி. தியாகா என்ற பெயரை எடுத்துவிடுங்கள். உருவாக்கியவர் நிக்கலஸ் என்று பெரிதாகப் போடுங்கள். என் படம் வேண்டாம். கீழே சின்ன எழுத்தில் என் பெயர் இருந்தால் போதும், யூனிகோடுக்கு மாற்றியது நான்தானே.