இரட்டைக் கதவுப் பூங்கா

ஆகஸ்ட் 9, வெள்ளி.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மாலை இங்கிலீஷ் வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில், பால் வைத்த அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது வீடெல்லாம் கருகல் வாடை. அண்ணி துர்காதேவி, குழந்தையைத் தூங்கவைத்தபடியே கண்ணயர்ந்துவிட்டிருக்கிறாள். அப்பாவும் அண்ணனும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், எடுத்ததாகத்தான் நினைக்கிறேன். அதற்குள் அண்ணியே, "நாந்தான் மறந்திருப்பேன்" என்றாள்.

அவள் அப்படிச் சொல்வதற்குக் காரணம் மிட்டாய். கல்யாணமாகி வந்தபோது பக்கத்து ஊர் ஐயம்பேட்டையிலிருந்து கூடவே கொண்டுவந்த நாய். கெட்ட நாய் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் விடிந்ததும் பாவு போடுவோம், தறியில் ஏற்ற வேண்டிய பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவோம். ஒரு வீட்டுப் பாவுக்கு மற்ற வீட்டார் வந்து கைகொடுப்பார்கள். தனியாக ஒரு குடும்பத்தால் ஆகாது. போன மாதம் மிட்டாய் கயிற்றை அறுத்துக்கொண்டு அடுத்த வீட்டு முனிசாமியின் பாவுக்குள் மறுபடியும் பாய்ந்தது. இழைகள் அறுந்தன.

"உங்க ஊட்டு நாய்க்குப் பட்டுலதான் படுக்கணுமாபா? ஒரு முகூர்த்தப் புடவ எடுத்துக் கட்டி உடுங்க" என்றார் அவர். தெரு சிரித்தது. அடுத்து எங்கள் பாவுக்கு ஒருவரும் வரவில்லை. அப்பா அதைக் கஞ்சி போடாமலே சுருட்டி உள்ளே எடுத்து வந்தார். தறி நின்றது. நாயை விட்டுவிடு என்று அண்ணியிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஆகவே நான் யோசித்தேன்.

சென்னையில் நாய்களுக்கென்று வேலி போட்ட பூங்கா இருப்பதைப் போனில் பார்த்திருந்தேன். வகுப்பில் கூடப் படிக்கும் விமல்ராஜ் வாடகைக் கார் ஓட்டுகிறான். நாயை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவனிடமும், வகுப்பில் பரீட்சை என்று வீட்டிலும் சொன்னேன். அண்ணி குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது பின்கதவு வழியாக மிட்டாயை அழைத்துப் போனேன்.

பூங்காவுக்கு இரண்டு கதவுகள். ஒன்றைச் சாத்திய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும். உள்ளே போனதும் சங்கிலியைக் கழற்றிவிடலாம். வேலிக்கு வெளியே பஸ்களின் ஹாரன் ஓயவில்லை. மிட்டாய் முதலில் என் காலோடு ஒட்டி நின்றது. பிறகு ஓடியது. அவ்வளவு வேகமாக அது ஓடி நான் பார்த்ததில்லை.

"என்ன ஜாதிமா?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"எங்க தெரு ஜாதிதான்."

"சமத்தா இருக்கே. பேர் என்ன?"

"துர்கா" என்றேன். ஏன் அந்தப் பெயர் வந்தது என்று இன்னும் தெரியவில்லை.

தண்ணீர் வாங்கி வருவதாக அவரிடம் சொல்லிவிட்டு, உள்கதவைச் சாத்தி, வெளிக்கதவைத் திறந்து, அதையும் சாத்தினேன். முறைப்படிதான் செய்தேன். மிட்டாய் வேலியருகே வந்து உட்கார்ந்தது. குரைக்கவில்லை. நல்லவர்கள் வரும் இடம், யாராவது கொண்டுபோயிருப்பார்கள். டாக்டர் நாயை வைத்துக்கொண்டார் என்று விமல்ராஜிடம் சொன்னேன்.

வீட்டில் அண்ணி அழுதுகொண்டிருந்தாள்.

"நா போறப்பவே பின்கதவு தொறந்து கெடந்துச்சே அண்ணி" என்றேன்.

"தாழ் போட்டனே இளவரசி."

"போட்டா மாரி நெனச்சிக்கினு இருப்பீங்க."

நான் சொன்னது அவ்வளவுதான். பிறகு அவளோடு சேர்ந்து தேடினேன். சின்ன காஞ்சிபுரம் வரை போனோம். மிட்டாய் என்று அவளைவிடச் சத்தமாகக் கூப்பிட்டேன்.

இப்போது அண்ணி தாழ் போட்டதும் திரும்பி வந்து தொட்டுப் பார்க்கிறாள். சோற்றுக்கு உப்புப் போட்டேனா என்று என்னைக் கேட்கிறாள். குழந்தை அழுதால், "நா தூக்கலாமாமா?" என்கிறாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உட்கார்ந்துகொண்டு தூக்கச் சொல்கிறேன்.

இன்று கருகிய பாத்திரத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் குமரன் சொன்னான்: "இன்னிக்கு அடுப்பு. நாளைக்குக் கொழந்தய எங்கனா வெச்சிட்டு மறந்துட்டீன்னா? கொஞ்ச நாள் உங்கம்மா ஊட்ல இருந்துட்டு வா. பாப்பா இங்கியே இருக்கட்டும். இளவரசி பாத்துக்குவா."

அண்ணி தலையாட்டினாள். அவள் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.

சொல்லிவிடலாம். சொன்னால் பூங்காவுக்குப் போவார்கள், மிட்டாய் அங்கே இருக்காது, அண்ணி இன்னும் உடைந்துபோவாள். தெருக்காரர்களும் இப்போதுதான் எங்கள் பாவுக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த வீட்டில் யாருக்கும் கெடுதல் வரக்கூடாது என்று பார்ப்பவள் நான் ஒருத்திதான்.

நாளை காலை அண்ணியை ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட வேண்டும். திரும்பும்போது குழந்தைக்குப் பால் பவுடர் வாங்க வேண்டும்.