கீழ்ப்பக்கத்துக் கோடு

பிளாஸ்டிக்கில் கோடு கீறுவதற்குப் பலம் தேவையில்லை, சார். புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன். கீறுகிற ஊசியை அழுத்தி இழுத்தால், வழிகாட்ட ஒட்டிய நாடாவைத் தாண்டி ஓடிவிடும். இறக்கையில் ஒரு கிறுக்கல் விழும். அதைப் பசையால் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். ஊசியின் எடையே போதும். தொட்டும் தொடாமலும் திரும்பத் திரும்ப இழுத்தால் பள்ளம் தானாக இறங்கும்.

நான் செய்வது சின்ன விமானங்கள். பெட்டியில் துண்டு துண்டாக வரும், ஒட்டிச் சேர்க்க வேண்டும். மலிவான பெட்டிகளில் தகடுகள் சேரும் இடம் மேடாகத் துருத்திக்கொண்டிருக்கும். நிஜ விமானத்தில் அது மெல்லிய பள்ளம். மேட்டை அழித்துவிட்டுப் பள்ளமாகக் கீறுவதுதான் இதில் உள்ள முழு வேலையும். வாத்தியார் கிடையாது. உடைந்த வாளி மூடிகளில் கீறிக் கீறியே கற்றுக்கொண்டேன். கொஞ்சம் ஆழமாகக் கீறிவிட்டால், அழுத்தினதும் மூடி அந்தக் கோட்டிலேயே நேராகப் பிளந்துவிடும்.

மொட்டை மாடி அறை என்னுடையது. வீடு அண்ணன் பெயரில் இருக்கிறது. கீழே அவன் தையல் மெஷின் பழுது பார்க்கிறான். அண்ணிதான் எனக்குச் சோறு கொண்டுவருவார். "என்ன இன்ஜினியர், இன்னைக்காவது ஏதாவது பறக்குமா?" என்று கேட்டுச் சிரிப்பார். அவர் கேலி செய்தால் எனக்கு வலித்ததே இல்லை. ஒன்று சொல்கிறேன், அண்ணியை எனக்குப் பிடிக்கும். அந்த வீட்டில் என் மேஜையில் எதையும் தொடாமல் குனிந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அண்ணன் தொடுவான். ஒருநாள் எண்ணெய்க் கையோடு வந்து, பெயின்ட் காயாத விமானத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். இறக்கையில் அவன் கட்டைவிரல் அப்படியே பதிந்தது.

"டேய், இந்த மாசத்தோட ரூமைக் காலி பண்ணிடு. ஸ்பேர் பார்ட்ஸ் வைக்க இடமில்ல. நீ ஹால்ல படுத்துக்கோ."

"இதெல்லாம் எங்க வைக்கிறது?"

"அட்டைப்பெட்டியில போட்டுக் கட்டிலுக்கு அடியில தள்ளு. உலகம் ஒண்ணும் முழுகிப்போயிடாது."

எனக்கு வேறு எதுவும் இல்லை, சார். கல்யாணம் இல்லை, நிலையான வேலை இல்லை. அந்த அறையும் போனால் நான் அந்த வீட்டில் சுருட்டி வைக்கிற ஒரு பாய்.

எங்கள் வீட்டின் நடுவில் வெளிச்சத்துக்காக ஒரு திறப்பு உண்டு. மொட்டை மாடியிலிருந்து தரைத்தளம் வரை நேராக இறங்கும். அதன் மேல் கண்ணாடி மாதிரித் தெரிகிற கெட்டியான பிளாஸ்டிக் தகடு. தண்ணீர்த் தொட்டிக்குப் போக அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். அண்ணன் சுற்ற மாட்டான். நேராக அதன் மேலேயே மிதித்துப் போவான். சொன்னால், "யானை ஏறினாலும் உடையாதுடா" என்பான்.

மழையில் ஓரம் ஒழுகுகிறது, ரப்பரை மாற்றிக் கொடுங்கள் என்று அண்ணிதான் கேட்டார். தகட்டைக் கழற்றி என் மேஜைக்குக் கொண்டுவந்தேன். ரப்பரையும் மாற்றினேன். மீதிப் பொழுதில் கீழ்ப்பக்கம் நடுவே ஒரு கோடு கீறினேன். அவசரப்படவே இல்லை. பிசிறை வழித்து, துடைத்து, திருப்பி மாட்டினேன். மேலிருந்து பார்த்தால் எனக்கே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் ஒரு கோடு எனக்கு வந்ததில்லை.

துக்கத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன், "அதுல விரிசல் விட்டிருக்கு, நான்தான் கவனிக்கல, நான்தான் கொன்னுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொள்கிறான். எத்தனை முறைதான் கேட்பது? விரிசல் கோணல்மாணலாகப் போகும். நீங்கள் ஸ்டேஷனில் எடுத்துவைத்திருக்கும் தகட்டுப் பாதியின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், நூல் பிடித்தாற்போல் இருக்கும். அதைச் சொல்லத்தான் நானாகவே வந்தேன்.

அண்ணிக்காகக் கீறவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். அவர் என்றுமே சுற்றித்தான் போவார். தகட்டை மாட்டிய மறுநாள் காலை அண்ணன் முதலில் சுற்றிப் போனான், தோளில் ஏணி இருந்ததால். தொட்டியடியில் குழாய் பிய்த்துக்கொண்டு தண்ணீர் அடித்தது. ஸ்பானரை எடுத்துவரச் சொல்லி அங்கிருந்தே கத்தினான். அண்ணி ஓடிவந்தார்.

"சுத்தாதே, நேரா வா! தண்ணி வீணாப் போகுது!"

அண்ணி தகட்டின் ஓரத்தில் நின்றுவிட்டார். நான் ஜன்னலில் இருந்தேன். அவர் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இன்ஜினியரே, நீங்கதானே மாட்டினீங்க? நான் ஏறினா தாங்குமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நேரமில்லை என்று நான் பொய் சொல்லப்போவதில்லை.

"தாங்கும் அண்ணி, வாங்க" என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும், சார்? தாங்காது என்றால் ஏன் என்று கேட்க அண்ணன் அங்கேயே நின்றான்.