இந்தப் பெட்டியை இன்று திறக்க வேண்டாம்

தலைமை ஏற்றிருக்கும் ஐயா ரங்கையா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, பலமனேரிலிருந்தும் நகரியிலிருந்தும் பேருந்து பிடித்துத் திருப்பதி வந்திருக்கும் நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த தாட்சாயணி அம்மையாரின் மகள் ஹரிதா அவர்களே, வணக்கம்.

பேசும் முன் ஒரு வேலை. முனைவர் தாட்சாயணி அவர்களின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மரப்பெட்டியின் மேல் யாரோ மாலை போட்டிருக்கிறீர்கள். தண்ணீர் சொட்டுகிறது. அதை எடுத்துவிடுங்கள். குத்துவிளக்கையும் தள்ளி வையுங்கள். மாலை படத்துக்குப் போதும். நன்றி.

என் பெயர் யஸ்வந்த். ஸ்கேன் கருவிகள் என் வேலை. அம்மையார் அகழாய்வில் தோண்டி எடுத்தவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று உடைக்காமல் பார்த்துச் சொல்வேன். "ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுபா, மிசின் கதை எல்லாம் வேணாம்" என்று ரங்கையா ஐயா வாசலிலேயே சொல்லி அனுப்பினார். மன்னிக்க வேண்டும் ஐயா. மிஷின் கதை இல்லாமல் தாட்சாயணி அவர்களைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது.

அவர் எதைத் தேடினார்? தங்கத்தையா? சிலையையா? கல்வெட்டையா? துணியைத் தேடினார்! எழுத்தே இல்லாத காலத்தில் பலமனேர் மேட்டு நிலத்தில் வாழ்ந்தவர்கள் எதை உடுத்தினார்கள், எப்படி நெய்தார்கள் என்று தேடினார். பானை நிற்கும், இரும்பு நிற்கும், எலும்புகூட நிற்கும். துணி மக்கிவிடும். ஆனால் செத்தவரோடு புதைத்த செம்புக் கிண்ணத்தைத் துணியில் சுற்றி வைத்திருந்தால்? செம்பில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். களிம்பு நூலுக்குள் இறங்கும். நூல் போன பிறகும் அதன் வடிவம் களிம்பில் நிற்கும். அழுக்கு என்று நாம் தேய்த்து எறிகிறோமே, அதுதான் துணி!

பலமனேர்ப் பக்கம், கற்பலகை மூடிய புதைகுழியில் முதல் கிண்ணம் கிடைத்த கதை உங்களில் சிலருக்குத் தெரியும். மறுநாள் மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று செய்தி. அம்மையார் சித்தூர் போயிருந்தார். முகாமில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? பூசைச் சாமானைத் துலக்குவது போலப் புளி போட்டுத் துலக்கினார்கள்! யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வருகிறவர் கண்ணில் அழுக்குப் பாத்திரத்தைக் காட்டுவது நமக்கு வழக்கமில்லை, அவ்வளவுதான். அம்மையார் திரும்பியதும், மண் சலிக்கும் வேலையில் இருந்த செங்கமலம் அக்கா கிண்ணத்தை நீட்டினார். "காலையிலருந்து தேச்சிக்கினு இருந்தேன் மேடம். மூஞ்சி தெரியுது பாருங்க."

தெரிந்தது. தாட்சாயணி அவர்களின் முகம் அதில் நன்றாகவே தெரிந்தது.

அவர் திட்டவில்லை. நான் திட்டினேன், அது வேறு. "தேச்ச தண்ணிய எங்க ஊத்தினீங்க?" என்று மட்டும் கேட்டார். வேப்பமரத்தடியில் என்றார்கள். அங்கே உட்கார்ந்து அந்த ஈர மண்ணைச் சலித்தார். பச்சைக் கசடு வந்தது. நூல் வரவில்லை. "மண்ணு இத்தினி காலம் வெச்சிக்கினு இருந்திச்சி யஸ்வந்த். நம்ம கையில ஒரு காலைகூட தங்கல" என்றார். அன்று அவர் சாப்பிட மறுத்தார். செங்கமலம் அக்கா தட்டோடு போய், "நீங்க துன்னாதான் நான் துன்னுவேன்" என்று அழுதுகொண்டு நின்ற பிறகுதான் இருவரும் சாப்பிட்டார்கள்.

அடுத்த குழியில் இரண்டாவது கிண்ணத்தின் விளிம்பு தெரிந்தவுடன் தோண்டுவதை நிறுத்தினார். தூரிகைகூடப் படவில்லை. சுற்றியிருந்த மண்ணோடு கட்டியாக அறுத்து, கால் உடைந்தவருக்குப் போடுவது போல மாவுக்கட்டுப் போட்டு, பெட்டிக்குள் வைத்தார். அந்தப் பெட்டிதான் இது.

நான் ஸ்கேன் எடுத்தேன். ஒரு மூலையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். தறி நெய்யும் நகரிக்காரர்களுக்குப் பாவும் ஊடையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. "துணி மேடம்!" என்று குதித்தேன். "கோடுன்னு எழுது. துணியான்னு அப்புறம் பாக்கலாம்" என்றார். செடி வேர்களும் அப்படி ஓடும். இது வேராகவும் இருக்கலாம். இரங்கல் கூட்டம் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன்.

ஏன் திறக்கவில்லை? வெளிக்காற்று பட்டால் களிம்பு காய்ந்து பொடியாக உதிரும். ஈரமும் குளிரும் மாறாத அறை வேண்டும். இதைவிட நுட்பமான ஸ்கேன் வேண்டும். கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். அறை வரவில்லை. நோய் வந்தது.

இப்போது அழைப்பிதழில் என்ன அச்சடித்திருக்கிறீர்கள்? "அம்மையார் கண்டெடுத்த கிண்ணம் மேடையில் திறந்து வைக்கப்படும்." இது யாருடைய விருப்பம் என்று எனக்குத் தெரியும். "அம்மா பாக்காதத நானாவது பாக்கறேன் யஸ்வந்தண்ணா" என்று ஹரிதா என்னிடம் அழுதார்.

ஹரிதா, நீங்கள் கேட்டதில் தவறே இல்லை. ஆஸ்பத்திரியில் நானும் அதையேதான் கேட்டேன். "அறை வர்ற வரைக்கும் நீங்க இருப்பீங்களான்னு தெரியல மேடம். திறந்துடலாம். ஒரு தடவ பாத்துடுங்க." எனக்குச் சுற்றி வளைக்க வராது. அவருக்குச் சிரிப்பு வந்தது. "இன்னாபா, என்னிய வழியனுப்பப் புளி கரைச்சிக்கினு வந்துட்டியா?" என்றார். பிறகு சிரிக்கவில்லை. "நான் பாக்கணும்னு அது இல்லாம போணுமா? மூடியே வெய்யி." கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே, "இன்னிக்கி பெட்டியில ஈரம் எவ்ளோ?" என்றார். என்னிடம் அவர் கேட்ட கடைசிக் கேள்வி அது.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும். என்னிடம் இல்லை. ஒரு வாழ்நாள் முழுக்கத் தேடியவர், தேடியது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க, பார்க்காமல் போனார். அதில் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் அந்தக் கோபத்தை இந்தப் பெட்டியின் மீது காட்ட மாட்டேன்.

உங்கள் முன் உறுதி சொல்கிறேன். அறை கிடைக்கும் வரை கேட்போம். காலையும் மாலையும் ஈரம் பார்ப்போம். உள்ளே இருப்பது துணியானால் துணி என்றும், வேரானால் வேர் என்றும் அவர் பெயரில் எழுதுவோம். அதுவரை அவருக்குத் தெரியாதது நமக்கும் தெரியாமல் இருக்கட்டும். இன்று யாரும் எதையும் பார்க்காமல் வீட்டுக்குப் போவோம்.

பெட்டியை வண்டியில் ஏற்ற வேண்டும். ஹரிதா, அந்தப் பக்கம் நீங்கள் பிடியுங்கள். மெதுவாக. படி இருக்கிறது. சாய்க்க வேண்டாம்.